சளிக்கு வாங்கும் ‘செட்டு’ மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் பொள்ளாச்சியிலிருந்து காங்கயம் வரைக்கும் வீட்டுக்கு ஒருவராவது தும்முகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சளி, காய்ச்சல். மார்கழிப் பனியில் மறுபடியும் மூக்கடைப்பு. திருப்பூர்ப் பக்கம் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இந்த மாதங்களில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

“ஏனுங்க, சளி காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுத்தாப் போதாதுங்களா? அதுல என்னதான் இருக்குது?”

மூன்று வேளைக்கு என்று சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் மாத்திரைகளைத்தான் செட்டு என்கிறோம். அட்டையிலிருந்து வெட்டி எடுத்துப் போடுவதால் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. தான் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பது தெரியாமலேயே ஒருவர் வீட்டுக்குப் போகிறார்.

வழக்கமாக அதில் ஒரு கூட்டு மாத்திரை இருக்கும். வெளியே பார்க்க ஒரு மாத்திரை, உள்ளே மூன்று மருந்து. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால். தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும் குளோர்பெனிரமின் அல்லது செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மருந்து. மூக்கடைப்புக்கு என்று ஃபினைலெஃப்ரின். சிலவற்றில் காஃபீனும் சேர்ந்திருக்கும். இருமல் சிரப்பும் வாங்கினால் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அல்லது சளியை இளக்கும் ஆம்ப்ராக்சால் வரும். அந்த சிரப்பிலேயே மறுபடியும் குளோர்பெனிரமின் இருப்பது சாதாரணம். இது போதாதென்று, சில செட்டுகளில் ஒரு ஆன்டிபயாடிக்கும், சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துவிடுகின்றன. ஸ்டீராய்டு போட்டதும் உடம்பு சட்டென்று லேசாவது உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதே மாத்திரை சர்க்கரையை மேலே ஏற்றிவிடும்.

ஆகவே செட்டாகக் கேட்காதீர்கள். என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும் போதும். வெறும் தும்மல் என்றால் ஒவ்வாமை மாத்திரை மட்டும் போதும். அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் முழு அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

“செட்டு போட்டும் காய்ச்சல் விடலீங்க. மேல ஒரு டோலோ போட்டுக்கலாமுங்களா?”

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். டோலோ, குரோசின், கால்பால் எல்லாம் பாராசிட்டமால்தான். சளிக் கூட்டு மாத்திரையிலும் பெரும்பாலும் அதே பாராசிட்டமால்தான். பெயர் வேறு, கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. உங்கள் கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் எதுவும் தெரியாது.

நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 650 மி.கி. மாத்திரையை மூன்று வேளை போடுகிறார்: 1,950. செட்டில் உள்ள கூட்டு மாத்திரையில் 500 மி.கி., அதுவும் மூன்று வேளை: 1,500. இடுப்பு வலிக்கு ஏற்கெனவே சாப்பிட்டுவரும் அசிக்ளோஃபெனாக் மாத்திரையில் கூடவே 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது, இரண்டு வேளை: 650. மொத்தம் 4,100. இவர் எந்த மாத்திரையையும் அளவுக்கு மீறிச் சாப்பிடவில்லை. மூன்றையும் சேர்த்ததில்தான் எல்லை தாண்டிவிட்டது. ஒரு நாள் இப்படி நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் தொடர்ந்து, சரியாகச் சாப்பிடாமல், வாந்தியும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

4,000 என்பது எல்லோருக்குமான அளவும் அல்ல. 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்கள் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மி.கி. என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 40 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு அது 2,400 மி.கி.; அதாவது 650 மாத்திரை மூன்றோடு நிறுத்திவிட வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும், தினமும் குடிப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

எத்தனை மணி நேர இடைவெளி விட வேண்டும்?

பாராசிட்டமாலுக்குக் குறைந்தது 4 மணி நேரம். 6 மணி நேரம் விட்டால் நல்லது. செட்ரிசின் 10 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு ஒன்றுதான், லீவோசெட்ரிசின் 5 மி.கி. என்றாலும் அப்படித்தான். இதனால்தான் செட்ரிசின் கலந்த கூட்டு மாத்திரையைக் காய்ச்சலுக்காக நாலு மணிக்கு ஒருமுறை போடக் கூடாது. பாராசிட்டமாலின் நேரக்கணக்கு வேறு, செட்ரிசினின் நேரக்கணக்கு வேறு. ஒரே மாத்திரையில் இரண்டையும் கட்டிவைத்திருப்பதில் உள்ள சிக்கலே அதுதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

“குழந்தைக்குச் சளிங்க. பெரிய பையனுக்கு வாங்கின சிரப்பே இருக்குது, பாதி குடுக்கட்டுங்களா?”

வேண்டாம் கண்ணு. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், சின்னக் குழந்தைக்குச் சளிக் கூட்டு மருந்து எதுவுமே தேவையில்லை. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அந்த எச்சரிக்கையை உறையிலும் அச்சிடச் சொன்னது. பிறகு 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது; தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றும், 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அறிவுறுத்தியது. அந்த சிரப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவையென்று தெரியுமா? பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். சாதாரணச் சளிக்கான அதே மூன்றுதான். தானாகச் சரியாகிவிடும் ஒரு சளிக்காக அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவைப்பட்டிருக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

சரி, காய்ச்சலுக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் மட்டும், எடையைப் பார்த்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வயதைச் சொல்லி வாங்குவதைவிட எடையைச் சொல்லி வாங்குங்கள். இதில் பெரிய ஆபத்து, மருந்தின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறுவதுதான். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. என்று வையுங்கள். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லியில் 120 மி.கி. உள்ளது என்றால் ஏறக்குறைய 6 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கிறது, அதில் ஒன்றரை மில்லிதான். அந்தச் சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும், பெரியவருக்கான முழு மாத்திரை அளவு.

வீட்டுக் கரண்டியிலோ சங்கிலோ அளக்காதீர்கள். புட்டியோடு வரும் மூடியில் கோடு பார்த்து அளங்கள். அதைவிட, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மிகச் சரியாக வரும். அம்மா ஒருமுறை கொடுத்தது தெரியாமல் அமுச்சி (பாட்டி) இன்னொரு முறை கொடுத்துவிடுவது கூட்டுக் குடும்பத்தில் சகஜம். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதிவிடுங்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராக மருத்துவமனைதான். எந்த வயதானாலும் மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே காட்டுங்கள்.

அப்புறம் இரண்டு மருந்துகள். காய்ச்சல், வலிக்கான நிமசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பது 2011 முதல் நம் நாட்டில் தடை. ஆஸ்பிரினும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆகாது. வைரஸ் காய்ச்சலின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஒரு அரிய நோயைக் கொண்டுவரலாம்.

மூக்கடைப்புக்கு மாத்திரை வேலை செய்கிறதா?

ஃபினைலெஃப்ரினை வாய்வழி சாப்பிட்டால் பெரிதாகப் பலனில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக இதைச் சொன்னது. 2024 நவம்பரில் அந்த அமைப்பு, கடையில் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரைகளிலிருந்து அதை நீக்கவும் முன்மொழிந்தது. மருந்தின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துபோவதால் மூக்குக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். நம் அரசும் 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளுக்குத் தடை அறிவித்தது. செட்ரிசின், பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின் மூன்றும் சேர்ந்த கூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டில் பழைய அட்டை கிடந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மூக்கில் விடும் சொட்டு மருந்து?

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் உடனே மூக்கைத் திறந்துவிடும். அதனாலேயே விட முடியாமல் போய்விடுகிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும், மறுபடி சொட்டு விட வேண்டியிருக்கும். வருடக்கணக்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு. அவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து அதிலிருந்து வெளியே வரலாம். வெறும் உப்புநீர்ச் சொட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. குழந்தைக்கும் அதுதான் நல்லது.

“மாத்திரை போட்டா தூக்கமா வருது. நைட் ஷிப்ட் இருக்குதுங்களே?”

குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இரண்டும் நன்றாகத் தூங்கவைக்கும். செட்ரிசினும் லீவோசெட்ரிசினும் சிலரை மட்டும். ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் பெரும்பாலும் மந்தப்படுத்தாது. தறி ஓட்டுபவர், கட்டிங் மெஷினில் நிற்பவர், லாரி ஓட்டுபவர், இரவு ஷிப்ட் முடிந்து அவிநாசி ரோட்டில் பைக்கில் வீடு திரும்புபவர் எல்லோரும் இதை மருந்துக்கடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “நான் மெஷின் வேலைங்க” என்ற ஒரு வார்த்தை போதும், மருந்தை மாற்றித் தரலாம். தூக்கம் வரவில்லை என்று தோன்றினாலும் கைவேகம் குறைந்திருக்கும். போட்ட மறுநாள் காலையிலும் அது மிச்சமிருக்கலாம்.

ஃபெக்ஸோஃபெனடினை மட்டும் ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்க வேண்டாம். மருந்து உடம்பில் ஏறுவது குறைந்துவிடும். தண்ணீரே போதும்.

“மில்லுக்குப் போனாலே நெஞ்சு இறுக்குது. அலர்ஜி மாத்திரை போட்டுக்கிறேன். செரிதானுங்களா?”

செரியில்லை. மில்லில் பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோ ரூம், அதைச் சீவும் கார்டிங் பகுதிகளில் பஞ்சுத் தூசியை வருடக்கணக்காகச் சுவாசிப்பவர்களுக்குப் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அதன் அடையாளம் தெளிவானது: ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், ஆரம்பத்தில் அடுத்த நாட்களில் குறைந்துவிடும். போகப்போக எல்லா நாளும் இருக்கும். சளி மாத்திரையால் இதற்கு ஒரு பயனும் இல்லை. தும்மலும் இருமலும் கொஞ்சம் அடங்குவதால் நோய் மறைந்திருக்கும், அவ்வளவுதான். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே போய் வேலை என்ன என்பதைச் சொல்லி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் சரியாக வாய்ப்புண்டு. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு, நார்த் தொழிலில் இருப்பவர்களும் நாமக்கல் கோழிப் பண்ணைகளில் வேலை செய்பவர்களும்கூட, வேலையிடத்தில் மட்டும் மூச்சு இறுகினால் இப்படியே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வருடம் முழுக்கத் தும்மல். மாண்டிலூகாஸ்ட்–லீவோசெட்ரிசின் மாத்திரையைத் தினமும் போடலாமா?

மருத்துவர் எழுதிய நாட்களுக்குப் போடலாம். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டே போவது தவறு. மாண்டிலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்வரை கொண்டுவரலாம் என்று அமெரிக்காவில் 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை உறையில் சேர்த்தார்கள். பிள்ளைக்கு இந்த மாத்திரை தொடங்கிய பிறகு குணம் மாறியதாகத் தோன்றினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். தொடர்ந்து இருக்கும் மூக்கு ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பெரும்பாலும் மாத்திரையைவிட நல்ல பலன் தரும். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் அது மூக்கிலேயே வேலை செய்கிறது, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

“அப்பாருக்குப் பிரஷர், சர்க்கரை ரெண்டும் இருக்குது. என்ன குடுக்கலாம்?”

வயதானவர்களுக்குக் கூட்டு மாத்திரையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூக்கடைப்பு மருந்து இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றலாம்; தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் ஆகாது. குளோர்பெனிரமின் போன்றவை வாயை உலரவைக்கும், மலச்சிக்கல் தரும், இரவில் எழும்போது தடுமாறி விழவைக்கும், நினைவைக் குழப்பும். புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொள்வதும் உண்டு. குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் கண்ணுக்கே ஆபத்து. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் செட்ரிசின் அளவைக் குறைக்க வேண்டும். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் சில நாட்களுக்கு மேல் பாராசிட்டமால் போட வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைக்கு வரும்போது அப்பாரு தினமும் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் முகம் சுளிக்க மாட்டேன், நல்ல மருந்தாளுநர் யாரும் சுளிக்க மாட்டார்.

கர்ப்பிணிகள்?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தேவையான அளவு, தேவையான நாள் மட்டும். கூட்டு மருந்து எதையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சளி மாத்திரை போட்ட அன்று குடிக்கலாமா?

கூடாது. ஒவ்வாமை மருந்தும் மதுவும் சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும். பாராசிட்டமாலும் தொடர் குடியும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். சளிக்குப் பிராந்தி நல்லது என்ற பேச்சைக் கேட்காதீர்கள்.

மழைக்காலக் காய்ச்சல் சளியா, டெங்குவா என்று எப்படித் தெரியும்?

முதல் இரண்டு நாளில் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மூக்கு ஒழுகாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி என்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் டெங்குவில் இரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் டெங்கு மோசமாவது வழக்கம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஆன்டிபயாடிக்?

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கேட்டு வாங்காதீர்கள், கொடுத்தாலும் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

நொச்சி ஆவி, மிளகு ரசம், கற்பூரவல்லி இதெல்லாம்?

தாராளமாக. ஆவி பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் சட்டிக்கு அருகில் உட்காரவைக்காதீர்கள், வெந்துபோன பிள்ளைகளை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியவர்கள் நம் ஊரில் உண்டு. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. சூடத்தைக் குழந்தையின் மூக்கருகில் வைப்பதும் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். சூடம் கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம்.

அளவுக்கு மேல் சாப்பிட்டுவிட்டால்?

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் இருக்காதீர்கள். பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்; கல்லீரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அதற்காக உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் எல்லா இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்கு மட்டும் என்றால் 104. வேண்டுமென்றே சாப்பிட்டவர் என்றாலும் திட்டாமல், நேரம் கடத்தாமல் கூட்டிப் போங்கள்.

மிச்சமான மாத்திரையை வைத்திருக்கலாமா?

பெயரும் தேதியும் தெரியும் அட்டை என்றால் தேதிவரை வைத்திருக்கலாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். உறையில் உதிரியாகக் கிடக்கும் செட்டு மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம். திறந்த சிரப்பின் மேல் திறந்த தேதியை எழுதுங்கள். உறையில் வேறு கெடு சொல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு அது வேண்டாம்.